மூன்று முறை தூக்கிய கை

மகுடபதியின் கைக்குள் கழுத்து போனதும் ஜெசிந்தாவுக்கு வந்த முதல் நினைப்பு, அப்பாடா, கொஞ்ச நேரம் சும்மா கிடக்கலாம் என்பதுதான். கூட்டத்துக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. ரிங்கைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாராபுரத்து ஜனத்துக்கு, ஒரு தடியன் ஒரு பொம்பளையைப் பின்னாலிருந்து வளைத்து நெரிக்கிறான், அவள் உட்கார்ந்த வாக்கில் காலை உதைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறாள், அவ்வளவுதான் கணக்கு. இந்தக் காட்சி மல்யுத்தத் தொழிலில் ஆளுக்கு ஆள் ஓய்வு கொடுத்துக்கொள்வதே இந்தப் பிடியில்தான். பிடிக்கிறவன் கை தாடைக்குக் கீழே பேருக்குக் கிடக்கும், உள்ளே கொஞ்சம் இடம் விட்டிருப்பான். பிடிபட்டவள் அவன் நெஞ்சில் சாய்ந்து, முகத்தை மட்டும் கோணிக்கொண்டு, வேண்டிய மட்டும் மூச்சு வாங்கலாம். முடி முன்னால் விழுந்து வாயை மறைத்துவிட்டால் பேசவும் செய்யலாம். அவன் மேல் தைல வாடையும் ஏலக்காய் வாடையும் அடித்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஏலக்காய் மெல்லுவது அவன் பழக்கம், கூட ஆடுகிறவர்களுக்கு வாய் நாறக் கூடாதாம், அவ்வளவு மரியாதை தெரிந்தவன். முதுகு வலித்தது. தோல் சிராய்ந்த முழங்கால் ரிங் விரிப்பில் பட்டு எரிந்தது. இனிமேல் நடக்க வேண்டியது எல்லாம் பேசி வைத்தது. ரெஃப்ரி மணவாளன் வருவான், இவள் மயங்கிவிட்டாளா என்று பார்க்கக் கையைத் தூக்கி விடுவான், கை தொப்பென்று விழும். இரண்டாவது தடவையும் விழும். மூன்றாவது தடவை விழுந்தால் தோற்றாள், ஆனால் விழாது, பாதி வழியில் நிற்கும், விரல் மடங்கி முஷ்டியாகும், ஜனம் எழுந்து நிற்கும். அப்புறம் அவள் எழுந்து, அவனைத் திருப்பி அடித்து, தோளுக்கு மேல் தூக்கி மல்லாக்கப் போட்டு, மேலே படுத்து ஜெயிக்க வேண்டும். ஒரு பொம்பளை ஒரு ஆம்பளையை, அதுவும் கடைசி ஆட்டத்தில். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு இன்றைக்குத்தான் கிடைத்திருந்தது.

காதில் சூடாக மூச்சு பட்டது. அடுத்த அடி எந்தப் பக்கம் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். "அம்மணி, சொன்னாக் கேளு," என்றான் மகுடபதி. "முடிவ மாத்திக்கலாம். இப்படியே மயங்கிக்கோ." அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. முகத்தைக் கோணுவதை நிறுத்தாமலே, "என்னண்ணே?" என்றாள். "என்ற மாமனாரு முன்னால உக்காந்திருக்காரு. ஊர்ச் சனமே வேன் புடிச்சு வந்துருக்குது, மாலையோட. பொட்டச்சிகிட்ட உளுந்தேன்னா நான் எப்படி அம்மணி ஊருக்குள்ள போவேன்?" மாலையை அவளும் பார்த்திருந்தாள். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் சம்பங்கி மாலையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இது நிஜச் சண்டை என்று அந்த மனுஷர் நம்புகிறாரா, இல்லை நம்பாவிட்டாலும் மருமகன் பொம்பளையிடம் விழுவதைப் பார்க்கச் சகியாதவரா, தெரியவில்லை. ரெண்டும் ஒன்றுதான். ஏண்டா பாவி, இதைச் சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லக் கூடாதா, ஒத்திகையில் நான் தூக்கும்போது மூன்று தடவை பிசகாமல் எம்பிக் கொடுத்தாயே, அப்போது உன் மாமனார் எங்கே போயிருந்தார். கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட இடம் இல்லை. முகத்தில் காட்டினால் ஜனம் அதையும் வலி என்று எடுத்துக்கொண்டு கை தட்டும். "அமுக்கு மகுடா, வுடாதே!" என்று வேன்காரர்கள் பக்கமிருந்து குரல் வந்தது. இடது பக்கம், நர்சிங் படிக்கிற பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து, "அக்கா எந்திரி! அக்கா எந்திரி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மணவாளன் முட்டி போட்டு அவள் கையைத் தூக்கினான். விட்டான். கை விழுந்தது. அது விழ வேண்டிய கைதான், ஆனாலும் விழுந்தபோது நெஞ்சுக்குள் ஒரு பயம் தட்டியது, ஏனென்று தெரியவில்லை.

மயங்கிக்கோ. மயங்குவது அவளுக்குப் புதுசா என்ன? கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த முதல் உத்தியோகமே மயங்குவதுதான். வத்தலக்குண்டில் கபடி ஆடிக்கொண்டிருந்தவளை, தொடையைப் பார்த்தோ தைரியத்தைப் பார்த்தோ, முதலாளி ரத்னவேல் கூட்டி வந்தார். மல்யுத்தம் என்றுதான் சொன்னார். வந்து பார்த்தால் குட்டைப் பாவாடையும் ஒரு அட்டையும்; எத்தனையாவது ஆட்டம் என்று எழுதின அட்டையைத் தூக்கிக்கொண்டு ரிங்கைச் சுற்றி வர வேண்டும், ஜனம் விசில் அடிக்கும். அடுத்த வருஷம் பதவி உயர்வு. மகுடபதிக்குத் தங்கச்சி ஆனாள். கதை அப்படி. அண்ணன் அடிபடும்போது தங்கச்சி கயிற்றுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும், பொறுக்க மாட்டாமல் உள்ளே ஏற வேண்டும், வில்லன் ஒரு அறை கொடுத்ததும் மயங்கி விழ வேண்டும். விழுந்ததும் அண்ணனுக்கு ஆவேசம் வரும். ஊர் ஊராக, கோயில் கொடைக்குக் கொடை, பொருட்காட்சிக்குப் பொருட்காட்சி, அவள் மயங்கினாள், அவன் ஜெயித்தான். மயக்கம் போட்டுக் கிடந்தபடியே அவன் கையை ரெஃப்ரி உயர்த்துவதை இமை இடுக்கில் பார்ப்பாள், சந்தோஷமாகக்கூட இருக்கும், அதைச் சொன்னால் என்ன, நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். அதற்கப்புறம் பொம்பளை ஆட்டம் என்று ஒன்று வைத்தார்கள். அவளும் புஷ்பலதாவும். முடியைப் பிடி, இழு, உருளு, சட்டை கொஞ்சம் கிழிந்தால் நல்லது என்றார் ரத்னவேல். அந்த நேரம்தான் ஜனம் டீ குடிக்கவும் ஒண்ணுக்குப் போகவும் எழுந்து போகும், உட்கார்ந்திருப்பவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்த கதை. அப்போது போனில் வெளிநாட்டுப் பெண்கள் கயிற்றின் மேலிருந்து பாய்வதை ஊர்ப் பிள்ளைகள் பார்க்க ஆரம்பித்தார்கள், பார்த்தவர்கள் இங்கேயும் கேட்டார்கள், ரத்னவேலுக்குப் பெண்கள் மேல் மரியாதை டிக்கெட் கவுன்டர் வழியாக வந்து சேர்ந்தது. இப்போது திரைக்குப் பின்னால் நாலு சின்னப் பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தியும் முடியைப் பிடிப்பதில்லை, ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர்கள், இந்நேரம் திரையில் கண் அளவுக்கு இடுக்கு வைத்துக்கொண்டு இவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் ரத்னவேல் பல் குத்திக்கொண்டே சொன்னார், "இன்னைக்கு ஜனம் இதை ஒத்துக்கிட்டா இனிமே கடைசி ஆட்டம் லேடீஸ்தான் ஜெசிந்தா. ஒத்துக்கலேன்னா என்னைக் குறை சொல்லக் கூடாது. பழையபடி முடியைப் பிடிக்க வேண்டியதுதான்." நாலு பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

"என்ன அம்மணி, பேச்சையே காணோம்," என்றது காதோரம் அவன் குரல். கை லேசாக அசைந்து கொடுத்தது, உரிமையாக. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் சங்கடம். அப்பா செத்த அன்று கம்பெனி வண்டியை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு வரைக்கும் ஓட்டி வந்தவன் அவன்தான். ஜெசி தூக்குவா சார், நான் விழறேன் சார், என்று ரத்னவேலிடம் போய் நின்றவனும் அவன்தான். இப்போது இந்தப் பேச்சு. முடியாது என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு? மூன்றாவது தடவை கையை நிறுத்தி, எழுந்து, அவன் இடுப்பை வளைத்துப் பிடித்துத் தூக்க வேண்டிய நேரம் வரும், அப்போது அவன் எம்ப வேண்டும். அவன் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. கூட்டம் பார்ப்பது அவள் தூக்குவதை. நடப்பது அவன் எம்புவது. அந்த ஒரு எம்பல் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. "பொம்பள தூக்குறதுன்னு ஒண்ணும் கெடயாது ஜெசி," என்று புஷ்பலதா சொன்னாள், சிவகாசியில் அவள் வீட்டில், சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி. "அவன் எம்புறான், நாம தாங்குறோம். எம்பலேன்னா கல்ல தூக்குன மாதிரிதான்." ஒரு தடவை நடு ஆட்டத்தில் புஷ்பலதா தூக்க வேண்டியிருந்தவன் விளையாட்டுக்காகச் செய்தான். பொம்பளை என்னை எப்படித் தூக்குகிறாள் பார்ப்போம் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு வந்து, அவள் தோளில் பிணமாகத் தொங்கினான். அவள் விட்டிருக்கலாம். விட்டால் ஜனம் சிரிக்கும் என்று விடவில்லை. தூக்கினாள், பாதி தூக்கினாள், முதுகில் ஏதோ மளுக்கென்றது பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. இப்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் படுக்க வேண்டும், கொஞ்ச நேரம் படுத்தால் யாராவது புரட்ட வேண்டும். ஜெசிந்தா பார்க்கப் போனபோது அவள் கேட்ட கேள்வி இதுதான்: "நம்ம ஆட்டத்துக்கு இன்னமும் டீ குடிக்கத்தான் எந்திரிச்சுப் போறாய்ங்களா?" இல்லக்கா, இப்பெல்லாம் உக்காந்து பாக்குறாங்க, என்று சொன்னதற்கு அவள் அழுதாள். எதற்கு அழுதாள்? ஜெசிந்தாவும் இத்தனை நாள் யோசித்துப் பார்த்துவிட்டாள், சந்தோஷம் என்றே வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது, இந்தக் கைக்குள் சாய்ந்திருக்கும்போது, அது சந்தோஷம் இல்லை என்று தோன்றியது. தொங்குவானா? தொங்க மாட்டான். மாலையோடு மாமனார் உட்கார்ந்திருக்கிறார், தொங்கினாலும் தொங்குவான். மணவாளன் மறுபடி குனிந்தான். கையைப் பிடித்தவன் உள்ளங்கையை ஒரு அழுத்து அழுத்தினான். நல்லா இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு தடவை அழுத்தினால் நல்லா இருக்கேன், ரெண்டு தடவை அழுத்தினால் நிஜமாகவே முடியவில்லை, ஆட்டத்தை நிறுத்து. எல்லா ஊரிலும் எல்லா ஆட்டத்திலும் அதுதான் வழக்கம். ரெண்டு தடவை அழுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எழவு, எல்லாம் முடிந்துபோகும், கையும் காலும் முதுகும் மிஞ்சும். அந்த நாலு பெண்கள் திரை இடுக்கில் நிற்கிறார்கள். ஒரு தடவை அழுத்தினாள். மணவாளன் கையைத் தூக்கி விட்டான். விழுந்தது.

"அக்கா எந்திரி" இப்போது பாட்டாகவே ஆகிவிட்டது. நாற்காலியைத் தட்டித் தாளம் போடுகிறார்கள். வேன்காரர்கள் பக்கத்திலும் ஒரு பெண் குரல் சேர்ந்துகொண்டது, யாரோ அவளை அதட்டினார்கள், அவள் நிறுத்தவில்லை. ஜெசிந்தாவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று பார்க்க ஆசையாக இருந்தது, தலையைத் திருப்ப முடியாது. ஜனம் ஒத்துக்கொண்டுவிட்டது. அது உடம்பிலேயே தெரிந்தது, விரிப்புக்கு அடியில் பலகை அதிர்ந்து தொடை வழியாக ஏறியது. இதற்காகத்தானே. இந்தச் சத்தத்துக்காகத்தானே அட்டையைத் தூக்கினது, அழுதது, அறை வாங்கினது, முடியைக் கொடுத்தது, சட்டையைக் கிழியக் கொடுத்தது. "முடியாதுண்ணே," என்றாள். சொன்ன பிறகு இன்னும் தெளிவாகச் சொல்லத் தோன்றியது. "மயங்க மாட்டேன். பேசினபடி எம்பு. எம்பலேன்னாலும் தூக்குவேன்." கடைசியில் சொன்னது பொய். அவளுக்கே தெரிந்த பொய். ஆனாலும் சொன்னதும் மனசு லேசானது, சிரிப்புக்கூட வந்தது, முடிக்குள் மறைத்துக்கொண்டாள். ஏலக்காய் வாடை மட்டும் வந்து வந்து போனது. அப்புறம் கழுத்துக்கும் கைக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச இடம் இல்லாமல் போனது. பிடி மாற்றுகிறான் என்று முதலில் நினைத்தாள். இன்னும் இறுகியது. அவன் முழங்கையை ரெண்டு தட்டு தட்டினாள், தளர்த்து என்று. பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தட்டலுக்குத் தளராத கை இல்லை. தளரவில்லை. அண்ணே. அண்ணே என்று சொல்ல வாய் திறந்தது, சத்தம் தொண்டைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. காலை உதைத்தாள், நிஜமாகவே உதைத்தாள், இத்தனை நேரம் உதைத்ததற்கும் இதற்கும் ஜனத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை, கை தட்டினார்கள். காதுக்குள் இரைச்சல். விளக்குகள் ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே நடுவுக்கு வந்தன. மூன்றாவது தடவை வருவான், மணவாளன் வருவான், ரெண்டு தடவை அழுத்தணும், ரெண்டு, மறக்காதே. கை வந்தது. அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. அழுத்தினான். அவள் அழுத்தினாள், ஒன்று. அடுத்ததற்கு விரல்களைத் தேடினாள், எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி தேடினாள், இங்கேதான் இருந்தன, இங்கேதான். பரவாயில்லை, கை நின்றால் போதும், கையை நிறுத்து, நில்லு, நில்லு. நின்றது. நின்றே நின்றது. முஷ்டி மடங்கியது, ஜனம் எழுந்தது, நர்சிங் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். அவள் எழுந்தாள், திரும்பினாள், அவன் இடுப்பை வளைத்தாள், எம்புண்ணே என்றாள், எம்பினான், என்ன லேசாக இருந்தான், இவ்வளவு லேசான மனுஷனுக்கா இத்தனை பயந்தோம், தோளுக்கு மேலே போனான், அந்த உயரத்திலிருந்து மாமனாரைப் பார்த்துச் சிரித்தான், பெரியவரும் சிரித்தார், மணி அடித்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா கண்ணைத் திறந்தபோது நேர் மேலே விளக்குகள் இருந்தன. எதற்கு மல்லாந்து கிடக்கிறோம் என்று புரியவில்லை. அவன் அல்லவா கிடக்க வேண்டும். இருமல் வந்தது, இருமுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. உயர்த்திய கை இன்னும் உயர்ந்தே இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். கை விரிப்பில் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் விரிந்து. யாருடைய கையோ என்று இருந்தது. இடது பக்கம் தாளம் நின்றுபோயிருந்தது. வேன்காரர்கள் பக்கம் ஒரே கொண்டாட்டம். மைக்கில் ரத்னவேலின் குரல், "நம்ம ஊர் மாப்பிள்ளை" என்று ஆரம்பித்து, ஏதேதோ சொல்லிக்கொண்டு போனது. அவருக்கு முடிவு மாறினதில் வருத்தம் இருந்ததாகக் குரலில் தெரியவில்லை. மகுடபதி வந்து அவள் தலைமாட்டில் முட்டி போட்டு, கழுத்தில் சம்பங்கி மாலையோடு குனிந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு இல்லை. "பெரிய மனசு அம்மணி உனக்கு," என்றான். "இந்த ஒத்தாசைய உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்." அவன் முகத்தையே பார்த்தாள். தான் நெரித்தது தெரிந்தே சொல்கிறானா, அல்லது அவள்தான் மனசு மாறி விட்டுக்கொடுத்தாள் என்று இந்த நிமிஷத்திலேயே நம்பத் தொடங்கிவிட்டானா? நம்பிவிட்டான். அந்தக் கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், நெரிந்த தொண்டையில் குரல் எழவில்லை. அவன் எழுந்து போய் மாமனார் காலைத் தொட்டான். மணவாளன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தாடையைத் தூக்கிப் பார்க்கிற பாவனையில் உதடு அசையாமல் கேட்டான், "ஏன்க்கா கைய விட்டுட்ட? மயக்கமோன்னு ஒரு செகண்டு பயந்துட்டேன். ஒரு தடவைதான அழுத்துன, சரி, நீங்க ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிட்டீங்க போலன்னு நெனச்சேன்." விடலடா, என்றாள் ஜெசிந்தா. நான் விடலடா மணவாளா. காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். திரைக்குப் பின்னால் இருந்த நாலு பெண்களும் ஓரத்துக்கு வந்து நின்றிருந்தார்கள், அவர்களில் ஒருத்தி திரும்பி உள்ளே போய்விட்டாள். ஜெசிந்தா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். மணவாளன் தோளைப் பிடித்துப் பதமாக அமுக்கினான். "பேசாதக்கா. அசையாம படு, ஜனம் இன்னும் பாக்குது," என்றவன், கூட்டத்துக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் தடவி அவள் கண்களை மூடிவிட்டான்.